சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவர்

அன்புள்ள அக்கா,

கல்யாணமாகி ஆறு வருஷம். கணவர் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து சாப்பிட்டு உடனே படுத்துவிடுவார். நாலைந்து மாதமாக எனக்கு முதுகைக் காட்டி, சுவர்ப்பக்கம்தான் திரும்பிப் படுக்கிறார். அப்படிப் படுத்தால் மனசு விலகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. உண்மையா அக்கா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

முதலில் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். ராத்திரியில் எல்லோரும் பல தடவை புரண்டு படுக்கிறோம். எப்போது புரண்டோம் என்று நமக்கே தெரியாது.

2014-இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியல் பேராசிரியர் பிரிட்டனில் ஆயிரம் பேருக்கு மேல் இதைக் கேட்டுப் பார்த்தார். 42 சதவீதம் பேர் முதுகோடு முதுகாகத்தான் தூங்குகிறார்கள். முகம் பார்த்துத் தூங்குகிறவர்கள் வெறும் 4 சதவீதம். தொட்டுக்கொண்டு தூங்குகிறவர்களில் 94 சதவீதம் பேர் உறவில் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். இதைத்தான் எல்லோரும் பரப்புகிறார்கள். தொடாமல் தூங்குகிறவர்களிலும் 68 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். நம் ஊர்ச் சித்திரைப் புழுக்கத்தில், ஒரே ஃபேனுக்கு அடியில் யார் ஒட்டிப் படுக்க முடியும்?

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. சாப்பிட்ட உடனே படுக்கிறார் என்கிறீர்கள். சுவர்ப்பக்கம் திரும்பினால் அவருக்கு இடது கை கீழே வருமா? சாப்பிட்டதும் படுத்தால் அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரியும். இடதுபக்கம் ஒருக்களித்தால் இரைப்பை தாழ்ந்து, எரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

என் வீட்டுக்காரரும் இப்படித்தான் திரும்பிப் படுத்தார். கோபம் என்றே நினைத்து நானும் பேசாமல் இருந்தேன். ஒருநாள் தலையணை உறை மாற்றும்போது உள்ளேயிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. நெஞ்செரிச்சல் மாத்திரை. நாலுதான் மிச்சம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ பயப்படுவே" என்றார். அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

இன்று சோறு போடும்போது கேளுங்கள், நெஞ்சு எரிகிறதா என்று. ஆமாம் என்றால் எட்டு மணிக்கே கம்பெனியில் சாப்பிடட்டும். டிபன் கட்டிக் கொடுங்கள். அப்புறமும் அடங்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இல்லை என்றால், இத்தனை நாள் தூங்காமல் கிடந்ததை அப்படியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.