வட சென்னைத் தெருவில் நடக்கும் துப்பறியும் கதையில் தேவதை வரலாமா?

கேள்வி இதுதான்: "வெட்டு, குத்து இல்லாத, தெருவில் இருக்கும் ஒரு சாதாரணப் பெண்மணி துப்பறிகிற மர்ம நாவல் எழுத ஆசை. அதில் ஒரு தேவதையும் வர வேண்டும். களம் வட சென்னை. ஆனால் தேவதை இருந்தால் துப்பறிய என்ன மிச்சம் இருக்கும்? இது எடுபடுமா?"

தாராளமாக எடுபடும். நான் ராயபுரம் பக்கம் பிறந்து வளர்ந்தவன். துப்பறியும் கதை கையில் கிடைத்தால் சோறு தண்ணி மறந்துவிடும். இப்படி ஒரு நாவல் வர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்குத் தெரிந்து இதில் ஒரே ஒரு நிபந்தனைதான். தேவதைக்குப் பாதிதான் தெரிய வேண்டும். மீதியை மனுஷி கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் சந்தேகம் பழைய சந்தேகம். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதியவர், 1929-ல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். அமானுஷ்யம் எதுவும் கூடாது என்பது அதில் இரண்டாவது. நியாயமான கட்டளைதான். தடயங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்து, இவன்தான் திருடன் என்று வாசகர் ஒரு முடிவுக்கு வரும் நேரத்தில், ஒரு தேவதை வந்து வேறு பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் கடுப்பாகாதா? ஆனால் அந்தக் கடுப்பு, சொல்லாமல் கொள்ளாமல் முளைக்கிற மாயத்தின் மேல்தான் வரும். இந்தத் தேவதையால் இது முடியும், இது முடியாது என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டுக் கடைசிவரை மீறாமல் இருங்கள். அப்போது மாயமும் ரயில் டைம்டேபிள் மாதிரி ஒரு தகவல் ஆகிவிடும். வாசகர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

இதற்கு முன்மாதிரி தேடி எங்கேயும் போக வேண்டாம். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையை எடுத்துப் பாருங்கள். புகார் நகரத்தின் ஐந்து மன்றங்கள் அதில் வரும். வெள்ளிடை மன்றத்தில் யாராவது சரக்குப் பொதியைத் திருடினால், அதே பொதியைத் தலையில் சுமந்தபடி வெளியேற முடியாமல் சுற்றிச் சுற்றி வருவான். பூத சதுக்கத்துப் பூதம் பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் புறம் பேசுபவர்களையும் பாசக் கயிற்றில் பிடித்து அடித்துத் தின்றுவிடும். இந்த இரண்டும் நமக்கு ஆகாது. திருடன் அங்கேயே மாட்டிக்கொள்வான், நாவல் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். பாவை மன்றம்தான் நமக்கு வேண்டியது. அரசனின் கோல் கோணினாலோ, அவையில் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அங்கே நிற்கும் பாவை வாய் திறந்து எதுவும் சொல்லாது, கண்ணீர் மட்டும் விடும். தப்பு நடந்திருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். யார், எப்படி என்பது தெரியாது. துப்பறிபவருக்கு அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது.

தேவதை என்றதும் வெள்ளை கவுனும் இறக்கையும் நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிடுங்கள். நமக்கு ஏழு கன்னிமார் இருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வரிசையாக ஏழு கல். குளம், கிணறு, ஆற்றங்கரை என்று தண்ணீரோடு சேர்ந்தே இருப்பவர்கள். ஏழு பேரில் கடைசித் தங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பெண், கண்ணாடி வளையல் என்றால் உயிர். அவளுக்கு என்ன எல்லை வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். தண்ணீர் பார்த்ததை மட்டும்தான் அவளும் பார்ப்பாள்.

குளமும் கிணறும் இல்லாத தெருவுக்கு எப்படி வருவாள்? அடிபம்பு வழியாகத்தான். எங்கள் பக்கம் வீட்டு வாசலிலோ முற்றத்திலோ மெட்ரோ வாட்டர் அடிபம்பு இருக்கும். விடியற்காலை தண்ணீர் வரும் நேரத்தில் தெருவே குடத்தோடு எழுந்து நிற்கும். முதல் அடிகளில் வெறும் காற்று, கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் கொஞ்சம் கலங்கல். அது போன பிறகு நல்ல தண்ணீர். அந்தக் கரகரப்பு அடங்கியதும் அவள் பேசட்டும், தண்ணீர் நின்றதும் போய்விடட்டும். கலங்கலாகவே வரும் நாளில் அவள் பேச்சும் பாதிதான் புரியட்டும். நேரக் கெடு, தடங்கல், அரைகுறைத் தகவல் மூன்றும் ஒரு பம்பிலேயே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

இப்போது குற்றம். தண்டையார்பேட்டையில் ஒரு தெரு. அங்கே தீபாவளிச் சீட்டு பிடிக்கிற அக்கா, வாரா வாரம் வசூலாகும் பணத்தைக் கட்டுக் கட்டாகப் பேப்பரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைக்கிறார். தீபாவளிக்கு முன்னால் பிரித்துப் பார்த்தால் அடியில் இருந்த கட்டுகளில் வெறும் காகிதம். எந்தப் பதிவும் இல்லாத சீட்டு என்பதால் போலீசிடம் போகப் பயம். விஷயம் இட்லிக்கடை ஆயாவிடம் வருகிறது. அமெச்சூர் துப்பறிதல் கதைகள் பலவற்றில், போலீஸை விட்டுவிட்டு இவரிடம் ஏன் வந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் நொண்டும். இங்கே நொண்டாது. ஆயாவுக்குத் தெருவின் கணக்கு முழுக்கத் தெரியும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு நாலு பேருக்கான இட்லி பார்சல் போனால், அந்த வீட்டில் யாரோ வந்து தங்கியிருக்கிறார்கள் என்று அவருக்குச் சட்டென்று புரியும்.

திருட்டு எப்போது நடந்தது என்பதுதான் முதல் புதிர். கடைசித் தங்கைக்கு மாதமும் தெரியாது, தேதியும் தெரியாது. அவள் இவ்வளவுதான் சொல்வாள்: "கை கழுவினாங்க ஆயா. மண்ணெண்ணெய் வாடை அடிச்சுது. தண்ணி மேல கலர் மிதந்துச்சு." மீதியை ஆயா யோசிக்கிறார். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினால் அது பெயிண்ட் பட்ட கை, படகுக்கு வர்ணம் அடித்த கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள், எங்கள் பேச்சில் லாஞ்சுகள், எல்லாம் கட்டிக் கிடக்கும், பழுது பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் அப்போதுதான். வருமானமும் இல்லாத காலம், ஜூனில் பள்ளிக்கூட ஃபீஸ் வேறு. அந்தத் தெருவில் யாருக்குத்தான் பணத்தேவை இருந்திருக்காது? எல்லார் மேலும் சந்தேகம் விழும், எல்லார் மேலும் பரிதாபமும் வரும்.

தடயத்தை எப்படி ஒளிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். அக்கா வீடு பூட்டிக் கிடந்த ஒரே ராத்திரி, அவருடைய பேத்திக்குக் காதுகுத்து நடந்த ராத்திரி என்று வையுங்கள். காதுகுத்து அழைப்புப் பத்திரிகையில் மே மாதத் தேதி இருப்பதை, மாமன் சீர் பற்றிய சண்டைக்கு நடுவில் ஒரு வரியில் முன்னாலேயே காட்டிவிடுங்கள். ரொம்ப தூரம் தள்ளி ஒருவன், "காதுகுத்து அன்னிக்கா? அன்னிக்கு ராத்திரி பூரா லாஞ்சுல ஐஸ் ஏத்தினு இருந்தேன் ஆயா" என்று சாதாரணமாகச் சொல்லட்டும். கடலுக்கே போகாத லாஞ்சுக்கு எதற்கு ஐஸ்? காதுகுத்து, தேதி, தடைக்காலம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற வாசகர் ஆயாவுக்கு முன்னாலேயே அவனைப் பிடித்துவிடலாம். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பிடித்த பிறகு என்ன செய்வது என்பதைத் தெரு முடிவு பண்ணட்டும். தேவதை தண்டிக்க வேண்டாம்.

களம் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வட சென்னை என்றாலே சினிமாவில் அரிவாள், கேங், ஜெயில். வருஷக்கணக்காக அதையே பார்த்து மனசு வெறுத்துப் போயிருக்கிறேன். இந்த வகை நாவலுக்கு என்ன வேண்டும்? எல்லாரையும் எல்லாருக்கும் தெரிகிற ஒரு சின்ன ஊர், நாலு வம்பு, நல்ல சாப்பாடு. எங்கள் தெருக்களில் இது எல்லாமே இருக்கிறது. கேரம் போர்டைச் சுற்றி நிற்கிற பையன்கள், ஆடி மாசத்துக் கூழ், வாசலில் உட்கார்ந்து நள்ளிரவு வரை பேசுகிற பெண்கள். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், 1910-ல் கட்டிய பார்சி அக்னிக் கோயில் என்று பெருமைப்பட நிறைய இருந்தாலும், கதைக்கு வேலை செய்யாத எதையும் உள்ளே திணிக்காதீர்கள்.

பேச்சு மொழியில் மட்டும் கவனமாக இருங்கள். நாலு வார்த்தைக்கு ஒரு 'இன்னா' போட்டால் அது வட சென்னை ஆகிவிடாது. ஆயா முதலில் அந்தக் கடைசித் தங்கையை "எம்மா தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பேசுவார். நாலைந்து அத்தியாயம் போன பிறகு, "இன்னாமே, இவ்ளோ லேட்டா வர்ற?" என்று கேட்பார். இவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்று நீங்கள் தனியாக எழுதவே தேவையில்லை.

முதல் மூன்று அத்தியாயம் எழுதியதும் இங்கேயே போடுங்கள். லாஞ்சு, தடைக்காலம், பம்பு சமாச்சாரங்களில் ஏதாவது இடித்தால் படித்துவிட்டுச் சொல்கிறேன்.