இளம் வீரர்களை வைத்துப் புதிதாகக் கட்டும் கால்பந்து அணிக்கு மைதானத்தில் எப்படிப்பட்ட கேப்டன் தேவை?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். சீனியர்கள் எல்லாம் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது இருபது வயதுப் பையன்கள், ராய் கீன் மாதிரி நாலு அதட்டு அதட்ட ஓர் ஆள் இருந்தால் சரியாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கீன் பெயரை எடுத்ததிலேயே, அவர் கேப்டனாக இருந்த இங்கிலாந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆள் நீங்கள் என்று தெரிந்துவிட்டது. அனுதாபங்கள். எனக்கும் அதே வியாதிதான், 1996லிருந்து. ஆனால் "கீன் மாதிரி" என்ற அந்த நினைப்பை வைத்துக்கொண்டு, பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை ஆட்டத்தை விட்டே துரத்தப் பார்த்தவன் நான். அதனால்தான் வேலை நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோச் கிடையாது. கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் வகுப்புக்குக்கூடப் போனதில்லை. சென்னை லீக்கில், பேப்பரில் ஸ்கோர்கூட வராத ஒரு டிவிஷனில் ஒன்பது வருஷம் ஸ்டாப்பர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டுக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்க நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தை இழந்த பையனின் முகம் அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

2011. எங்கள் டீம் ஒரே வருஷத்தில் காலியானது. இரண்டு பேருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்து அந்தந்த ஆபீஸ் டீமுக்குப் போனார்கள். மூன்று பேர் வளைகுடாவுக்கு. எங்கள் சென்டர் ஃபார்வர்டுக்கு முட்டி லிகமென்ட் போய்விட்டது. மிஞ்சியவர்களில் இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் நானும் ரைட் பேக்கும் மட்டும். மற்ற எல்லாரும் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. எங்கள் கோச்சை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் கேப்டன் கட்டும் பேண்டை என் கையில் கட்டிவிட்டு, "நீ பார்த்துக்கோ" என்றார். என்ன பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேப்டன் என்றால் கத்துபவன் என்பது எனக்குத் தெரியும்தானே. டிவியில் பார்த்திருக்கிறேனே.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டு இரண்டு நாள் பேச முடியாமல் போகும். அதில் ஒரு பெருமை வேறு.

சீசனில் இரண்டாவது மேட்ச். எதிரே ஓர் ஆபீஸ் டீம், முக்கால்வாசிப் பேர் தொப்பை, ஆனால் பந்தை விடமாட்டார்கள். எங்கள் ஹாஃப் லைனில், அதாவது நடுக்களத்தில், ஒரு பையன் இருந்தான், குட்டி என்று கூப்பிடுவோம். காசிமேட்டில் அவன் அம்மாவுக்கு மீன் வியாபாரம். இடது கால்காரன். அந்த வயதில் அப்படித் தலையைத் தூக்கிப் பார்த்து ஆடுகிறவனை நான் கண்டதில்லை. 23வது நிமிஷம், எனக்குக் கொடுக்க வேண்டிய பந்தை பார்க்காமல் குறுக்கே தட்டிவிட்டான். அவர்கள் ஃபார்வர்டு காலில் போய் விழுந்தது, கோல். நான் அங்கிருந்தே ஆரம்பித்தேன். "இன்னாடா ஆட்ற? கண்ணு தெரியல? வூட்டுக்குப் போய் மீன் விக்கப் போடா!"

ஆமாம், அதைச் சொன்னேன். சுவர் மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். குட்டி ஒன்றும் சொல்லவில்லை. "சாரிண்ணா" என்று கை தூக்கிவிட்டு ஓடினான். 4-0 தோற்றோம். நான் திட்டிய பிறகு அவன் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதால், நம் சத்தம் வேலை செய்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் மச்சான் அப்போதுதான் புதிதாக ஹேண்டிகேம் வாங்கியிருந்தான். எதையாவது பிடித்துக்கொண்டே இருப்பான். அந்த மேட்சை மொட்டை மாடியிலிருந்து முழுசாகப் பிடித்திருந்தான். மாஸ்டர் வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது பாதியில் ஓரிடத்தில் மாஸ்டர் நிறுத்தச் சொன்னார். "குட்டி எங்க நிக்கிறான் பாரு" என்றார். பார்த்தேன். பந்து என் காலில். குட்டி அவர்கள் ஃபார்வர்டுக்கு நேர் பின்னால் நிற்கிறான். நான் பாஸ் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது, நடுவில் ஆள். சரி, ஒரு தடவை என்று விட்டேன். ஓட்டிப் பார்த்தால், அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

விளையாடியவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கால்பந்தில் ஒளிந்துகொள்வது என்றால் ஓடாமல் நிற்பது இல்லை. வேர்வை ஊற்ற ஓடலாம், டேக்கிள் போடலாம், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு உழைப்பாளியாகத் தெரியலாம். ஆனால் பந்து வர முடியாத இடமாகப் பார்த்து ஓடுவான். பந்து வந்தால்தானே தப்பு நடக்கும்? முதல் 23 நிமிஷத்தில் குட்டி கையை நீட்டிப் பந்து கேட்டதை எண்ணினேன், பதினாறு தடவை. அதற்குப் பிறகு மொத்த ஆட்டத்திலும் இரண்டே தடவை. இதில் இன்னும் மோசம் என்னவென்றால், லெஃப்ட் பேக்கும் ஒளிந்துகொண்டிருந்தான். அவனை நான் திட்டவே இல்லை. குட்டி வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தான், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கீனுக்கு வருகிறேன். அடிக்க வராதீர்கள், எனக்கும் அவர்தான் கடவுள். ஆனால் அவர் கேப்டன் ஆனது 1997இல், அதுவரை கேப்டனாக இருந்த ஃபார்வர்டு கான்டோனா ஓய்வு பெற்ற பிறகு. பையன்கள் அதற்குள் பட்டம் வாங்கிப் பழகியிருந்தார்கள். நீங்கள் கேட்கும் சூழ்நிலை அதற்கு முன்னாலுள்ள 1995-96 சீசன். சீனியர்களான இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூன்று பேரும் ஒரே கோடையில் போனார்கள். பதிலுக்குப் பெரிய பெயர் யாரையும் மேனேஜர் ஃபெர்குசன் வாங்கவில்லை. முதல் மேட்சிலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 அடி. சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று அன்றிரவு டிவியில் விமர்சகர் ஆலன் ஹேன்சன் சொன்னது இன்றுவரை அவரைத் துரத்துகிறது. அந்தப் பையன்கள் பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள்.

அந்த சீசனில் பேண்டு பெரும்பாலும் தடுப்பாட்டக்காரர் ஸ்டீவ் புரூஸ் கையில். ஆனால் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தது கான்டோனாவை. ரசிகனை உதைத்து எட்டு மாதத் தடையில் இருந்தவர், அக்டோபர் 1ஆம் தேதி லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பி வந்தார். வந்த சில நிமிஷத்தில் இருபது வயது பட் கோல் அடிக்கப் பந்து போட்டுக் கொடுத்தார், பிறகு பெனால்டியைத் தானே அடித்தார். ஜனவரியில் லீக் பட்டியலில் நியூகாசில் 12 புள்ளி முன்னால் இருந்தது. மார்ச்சில் அவர்கள் மைதானத்திலேயே 1-0, அந்த ஒரு கோல் கான்டோனா. மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் புரூஸ் ஆடவில்லை, பேண்டு இவர் கையில், 85வது நிமிஷம் அந்த ஒரு கோலும் இவருடையதே. லீக்கும் கோப்பையும் சேர்த்து இரட்டைப் பட்டம். பயிற்சி முடிந்த பிறகும் அவர் தனியாக நின்று பழகுவதைப் பார்த்து மற்றவர்களும் நிற்க ஆரம்பித்தார்கள் என்று ஃபெர்குசன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆட்டம் இறுகும்போது "பந்தை என்கிட்ட கொடு" என்று நிற்க ஒருத்தர் இருந்தார், அதனால் பையன்கள் பயமில்லாமல் தங்கள் ஆட்டத்தை ஆடினார்கள். கத்தியதால் இல்லை.

உடனே "அந்த டீமின் கீப்பர் ஷ்மைக்கேல் கத்தவில்லையா?" என்று ஒருவர் வருவார். கத்தினார், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. ஆனால் அவர் முன்னால் நின்று அதை முதலில் வாங்கியவர்கள் தடுப்பாட்டக்காரர்கள் புரூஸும் பாலிஸ்டரும். முப்பது வயது ஆட்கள், பதிலுக்குத் திட்டக்கூடியவர்கள். திருப்பித் திட்ட முடியாதவனைத் திட்டுவது வேறு சமாச்சாரம்.

சீனியரின் சூடு எதிராளிக்கு உதவியதும் உண்டு. 2023 ஏப்ரல் 9, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு. லீக்கிலேயே இளம் அணிகளில் ஒன்றான ஆர்சனல் 2-0 முன்னிலை, மைதானமே மயான அமைதி. அணியின் மூத்தவர்களில் ஒருவரான ஜாக்கா போய் லிவர்பூலின் அலெக்சாண்டர்-ஆர்னால்டுடன் உரசினார். தூங்கிக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து உட்கார்ந்தது. அடுத்த நிமிஷமே லிவர்பூலின் சலா கோல், கடைசியில் 2-2. அந்த சீசன் 5 புள்ளியில் பட்டம் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது. அந்த ஒரு உரசலால்தான் பட்டம் போனது என்று நான் சொல்லவில்லை, ஆர்சனல்காரர்கள் கல்லைக் கீழே போடுங்கள். அவர்களுடைய தடுப்பாட்டக்காரர் சலிபா அடிபட்டு வெளியே இருந்தது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் என்னைத்தான் பார்த்தேன்.

சரி, 2011க்குத் திரும்புகிறேன். பேண்டை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். "ஓடிப் போவாத" என்றார் மாஸ்டர். குட்டியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மாற்றினேன். கோல் விழுந்தால் வலைக்குள்ளே இருக்கும் பந்தை நானே போய் எடுப்பேன். எடுத்துக்கொண்டு சென்டருக்கு நடக்கும்போது தப்பு செய்தவன் பக்கமாகப் போய், கோலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், "அடுத்த பந்து உனக்குத்தான், கிட்ட வந்து வாங்கு" என்பேன். சொன்ன மாதிரியே எனக்கு வரும் முதல் பந்து அவனுக்குப் போகும்.

இதை எழுதும்போது அழகாக இருக்கிறது, மைதானத்தில் அப்படி இல்லை. அதற்கடுத்த மேட்சில் குட்டி மறுபடி ஒரு பந்தை இழந்தான், கோல். அதே மாதிரி போய்ச் சொன்னேன். சென்டர் முடிந்து எனக்கு வந்த பந்தை அவனுக்கே கொடுத்தேன். அதையும் இழந்தான்! நல்லவேளை, கம்பத்தில் பட்டு வெளியே போனது. எங்கள் கிளப் செகரட்டரி கோட்டுக்கு வெளியே நின்று என் வம்சத்தையே இழுத்தார். மூன்றாவது பந்தையும் அவனுக்கே கொடுத்தேன். அது பிடிவாதமா நம்பிக்கையா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. திரும்பி, லெஃப்டில் அறுபது அடிக்கு ஒரு பந்து போட்டான் பாருங்கள். கோல் ஒன்றும் ஆகவில்லை, த்ரோதான் கிடைத்தது. ஆனால் அதற்கப்புறம் கையை நீட்ட ஆரம்பித்தான்.

இன்னொன்றும் நடந்தது. நான் வாயைக் குறைத்ததும், எங்கள் கீப்பர் பேச ஆரம்பித்தான். பத்தொன்பது வயது, அதுவரை ஊமை என்றே நினைத்திருந்தோம். அவன் திட்டவில்லை, தகவல் சொன்னான். "ண்ணா, லெஃப்ட்ல ஆள்." "டைம் இருக்கு, திரும்பு." "மேன்!" என்றால் பின்னால் ஆள் வருகிறான் என்று அர்த்தம். மைதானம் முழுதும் தெரிவது அவனுக்குத்தான், என் சத்தத்தில் அவனுக்கு இடமே இல்லாமல் இருந்திருக்கிறது. கேப்டனுக்கு எந்தச் சிறப்பு உரிமையும் கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு என்று ஆட்ட விதியிலேயே இருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது.

பெரிதாக எதுவும் ஜெயிக்கவில்லை. கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தோம், ஒரு புள்ளியில். இதை வெற்றிக் கதையாக யாரும் ஷேர் செய்ய வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் பழகிய அந்த மைதானத்தில் இப்போது கார்னர் கொடி நட இடமில்லை. வாக்கிங் போகிறவர்களுக்காகச் சுற்றிலும் சிமென்ட் கல் பதித்து, நடுநடுவே விளக்குக் கம்பம் வைத்து, சிரிப்பு யோகாவுக்கு ஒரு மேடையும் கட்டிவிட்டார்கள். காலை எட்டரை வரை பந்து உருண்டால் பெரியவர்கள் காலில் படுமாம், எட்டரைக்கு மேல் பையன்களுக்கு ஸ்கூல். சர்க்கரை வியாதி எனக்கும் வரும் வயதுதான், நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோல் போஸ்டில் துண்டு காயப்போடுகிறார்கள் சார். அடுத்த குட்டி எங்கிருந்து வருவான்?

உங்கள் யுனைடெட்டுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஒன்று செய்து பாருங்கள். அடுத்த மேட்சில் ஏதாவது ஒரு பொடியன் தப்பு செய்து கோல் விழுந்ததும், கோல் போட்டவன் கொண்டாட்டத்தைப் பார்க்காதீர்கள். அந்தப் பையனிடம் யார் போகிறார்கள், அடுத்த பத்து நிமிஷத்தில் அவனுக்கு யார் பந்து கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பேண்டு யார் கையில் இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குட்டி இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி வேலை. தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது "கேப்டன்" என்றுதான் கூப்பிட்டான், என் பெண்டாட்டி முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது. மச்சான் அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் என் பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுக் கீழே எழுதுவான்: "23வது நிமிஷத்துலேந்து பாருங்க, சவுண்டு வெச்சுப் பாருங்க."