வாசகர் கேள்வி: பழைய ஈதர் பாட்டில்

கேள்வி: எங்கள் ஆய்வக அலமாரியில் பாதி காலியான டைஎத்தில் ஈதர் பாட்டில் ஒன்று இருக்கிறது. எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மூடியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். துடைக்கவும் வேண்டாம், மூடியைத் திருகவும் வேண்டாம். திறந்த ஈதர் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து மெல்ல பெராக்சைடு என்ற வெடிக்கும் பொருளாகிறது. அந்த வெள்ளைப் படிவு அதுவாக இருந்தால், மூடியைத் திருகும்போது ஏற்படும் உராய்வே வெடிப்பதற்குப் போதும். அறையைப் பூட்டுங்கள். பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லி, வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்களை வரவழையுங்கள்.

புது பாட்டில் வந்தால், திறந்த தேதியை அன்றைக்கே மூடிமேல் எழுதிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெராக்சைடு சோதனைத் தாள் வைத்துப் பாருங்கள். முக்கியமாக, ஈதரை வற்றும்வரை காய்ச்சி வடிக்காதீர்கள். கடைசியில் மிஞ்சும் சொட்டுகளில்தான் பெராக்சைடு செறிந்திருக்கும்.

அப்புறம் தீ. ஈதர் கொதிப்பது 35 டிகிரியில். ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், அதனால் மேலே எழாமல் மேசையோடு தவழும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேசையின் ஒரு முனையில் ஈதர் ஊற்றிக்கொண்டிருந்தோம், மறுமுனையில் பர்னர் எரிந்துகொண்டிருந்தது. மேசையோடு ஒட்டி ஒரு நீலச் சுடர் எங்களை நோக்கி ஓடி வந்தது. பக்கத்திலிருந்தவரின் கை வெந்துவிட்டது. அன்றிலிருந்து, ஆவியை வெளியே இழுத்துவிடும் புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே நான் ஈதரைத் திறப்பதில்லை. வீட்டு ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். அதன் சுவிட்சில் வரும் பொறி போதும். குளிரிலும் ஈதர் ஆவி பற்றும்.