பாத்திரமும் பீப்பாயும்

கேள்வி: தெருவில் நின்று தட்டைத் தட்டினால் சர்வாதிகாரி ஓடிவிடுவானா? அமெரிக்க அறிஞர் ஜீன் ஷார்ப் போன்றவர்கள் சொல்லும் அகிம்சைப் போராட்டமெல்லாம் துப்பாக்கிக்கு முன்னால் எடுபடுமா?

பதில்: தட்டு என்று இளப்பமாகக் கேட்டுவிட்டீர்கள். அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

சிலியில் 1971-ல் காலிப் பாத்திரங்களைத் தட்டியபடி ஊர்வலம் போனவர்களில் வசதியான வீட்டுப் பெண்கள் நிறைய. எதிர்த்தது, தேர்தலில் ஜெயித்து வந்த ஜனாதிபதி அயெந்தேயை! 1983 மே மாதம் தாமிரச் சுரங்கத் தொழிலாளர்கள் அழைப்பு விட்டபோது அதே பாத்திரம், அயெந்தேயைக் கவிழ்த்து வந்த ராணுவ சர்வாதிகாரி பினோசேவுக்கு எதிராக முழங்கியது. பாத்திரத்துக்குக் கட்சி கிடையாது.

அப்புறம், எல்லாரும் தெருவில் நிற்கவுமில்லை. இருட்டிய பிறகு அவரவர் வீட்டுக்குள்ளிருந்தே தட்டினார்கள். எந்த வீட்டு அடுக்களை என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? (அப்படியும் ஏழைக் குடியிருப்புகளில் புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.) இவனைப் பிடிக்காதது நமக்கு மட்டும்தானோ என்று பத்து வருஷம் வாயை மூடிக் கிடந்தவனுக்குப் பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் டங் டங் என்று கேட்டால் எப்படி இருந்திருக்கும்!

பதவியில் நீடிக்கலாமா என்ற வாக்கெடுப்பில் பினோசே தோற்றது 1988 அக்டோபர் 5. செர்பியாவில் சர்வாதிகாரி மிலோசெவிச் விழுந்தது 2000 அக்டோபர் 5. நம் ஜோசியப் பக்கத்துக்காரர் கண்ணில் பட்டால் கிரகம் என்பார். அவருக்கும் எனக்கும் உள்ள தகராறு ஊரறிந்தது. கிரகத்தை விட்டுவிட்டுக் கொலுபாராவைப் பாருங்கள். செர்பியாவின் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொடுத்த சுரங்கம். தேர்தல் முடிவை மிலோசெவிச் அமுக்கப் பார்த்ததும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். போலீஸ் வந்தது. சுற்றுவட்டார ஜனங்களும் திரண்டு வந்தார்கள். போலீஸ்காரர்கள் தடியை ஓங்கவில்லை, வழிவிட்டு நின்றார்கள்.

துப்பாக்கி தானாகச் சுடாது ஐயா. ஒருவன் விசையை அழுத்தவேண்டும், அவனுக்கு ஒரு குமாஸ்தா சம்பளப் பட்டியல் போடவேண்டும், வண்டி ஓட்ட ஒரு டிரைவர் வரவேண்டும். ஷார்ப் ஆயுள் முழுக்க இதைத்தான் எழுதினார். 16-ம் நூற்றாண்டிலேயே லா போயேசி என்ற பிரெஞ்சு இளைஞர் சொன்னதுதான். காந்தி செய்தே காட்டினார். அவரை மகானாக்கி மாலை போட்டு மூலையில் உட்கார வைத்தவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. உப்பு வரியில் கை வைத்தவர் பலே கணக்குக்காரர்!

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில், மிலோசெவிச்சை எதிர்த்த ஓட்போர் இயக்கத்து இளைஞர்கள் ஒரு பீப்பாயில் மிலோசெவிச் முகத்தை ஒட்டி, பக்கத்தில் ஒரு கட்டையை வைத்துவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். காசு போட்டால் ஓர் அடி. ஜனங்கள் வரிசை கட்டினார்கள். போலீஸ் வந்து பார்த்தால், வைத்தவர்களைக் காணோம். அடித்தவர்கள் கடைவீதிக்கு வந்த குடும்பஸ்தர்கள். யாரைப் பிடிப்பது? பீப்பாயைக் கைது செய்து வண்டியில் ஏற்றினார்கள். கட்டக் கடைசிவரை அது யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

எப்போதும் பலிக்குமா? பலிக்காது. சர்வாதிகாரத்தை இறக்குவது பற்றி 1993-ல் ஷார்ப் எழுதிய சிறு நூல் பர்மியர்களுக்காக எழுதப்பட்டது. செர்பியர்கள் படித்துக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். அந்தப் பர்மாவிலேயே, அதாவது இன்றைய மியான்மரில், 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு இரவு எட்டு மணிக்கெல்லாம் பாத்திரங்கள் ஒலித்தன, ராணுவம் சுட்டது, இளைஞர்கள் பலர் துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குப் போனார்கள். 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களைச் செனோவெத், ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். ஆயுதம் எடுக்காதவற்றில் ஜெயித்தவை 53 சதவீதம், எடுத்தவற்றில் 26. சரி, இரண்டுக்கு ஒன்று தேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ப்பைப் படிப்பதென்றால் ஒரு எச்சரிக்கை. மனிதர் 198 வழிகளை நம்பர் போட்டுப் பட்டியலிட்டிருக்கிறார், சரக்குப் பதிவேடு மாதிரி. அதில் 57-வது, பழைய கிரேக்க நாடகம் ஒன்றில் போரை நிறுத்துவதற்காகப் பெண்கள் கணவன்மாரைப் படுக்கைக்கு வெளியே நிறுத்திய வழி. அந்தப் பக்கத்தை வீட்டில் சத்தமாக வாசிக்கவேண்டாம்.