வாசகர் கேள்வி–பதில்: கோடை விடுமுறைக்கு இஸ்ரேல் லேபா?

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்து குவிந்ததில் பாதிக்கு மேல் இஸ்ரேலைப் பற்றியே இருந்தது. அந்நாட்டின் ரெஹோவோத் நகரில் கொஞ்ச காலம் போஸ்ட் டாக்டரலாக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக) இருந்தவன் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ரெஹோவோத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. தங்க இடம், ஸ்டைபெண்ட் எல்லாம் தருகிறார்கள். அப்பாவோ "குண்டு விழுற ஊருக்குப் போய் என்னத்தப் படிக்கப் போற" என்கிறார். போகலாமா? (மாணவி, கோவை)

அப்பா சொல்வதைத் தள்ளிவிட முடியாதும்மா. 2025 ஜூன் 15 அதிகாலை ஈரானின் ஏவுகணை விழுந்தது இதே ரெஹோவோத்தில், வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தின் வளாகத்துக்குள்தான். அந்நேரத்தில் லேபில் ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த செல், திசு மாதிரிகளெல்லாம் கட்டடத்தோடு போயின. இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் நடந்த அந்த 12 நாள் சண்டையில் வான்வெளியையே மூடிவிட்டார்கள். நம் ஆட்கள் தரைவழியாக ஜோர்டானுக்கும் எகிப்துக்கும் போய், அங்கிருந்துதான் 'ஆபரேஷன் சிந்து' விமானங்களில் ஊர் திரும்பினார்கள். அதற்கு முன்னால் 2023 அக்டோபரில், காசா போர் தொடங்கியபோது, 'ஆபரேஷன் அஜய்'. இரண்டு வருஷத்துக்குள் இரண்டு முறை அரசே ஆட்களைக் கூட்டிவர வேண்டியிருந்தது என்றால், எந்த அப்பாவும் யோசிக்கத்தான் செய்வார்.

சரி, அதற்காக உடனே வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். சண்டை ஓய்ந்திருக்கும் மாதங்களில் அங்கே லேப், பஸ், கடற்கரை எல்லாம் வழக்கம்போல நடக்கிறது, அதுவும் உண்மை. நீங்கள் போகலாமா என்பதை முடிவு செய்ய மூன்று விஷயம் தெரிய வேண்டும், அதை அந்த நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள். முதலில், தங்குமிடத்தில் 'மமாத்' இருக்கிறதா? 1991 வளைகுடாப் போருக்கு அப்புறம் புதிதாகக் கட்டும் வீடுகளில் கட்டாயமாக்கிய பாதுகாப்பு அறை அது. தடித்த கான்கிரீட் சுவர், ரப்பர் விளிம்போடு கனமான இரும்புக் கதவு, ஜன்னலுக்கு வெளியே இழுத்து மூடும் இரும்புப் பலகை. மற்ற நாட்களில் அதையே படுக்கையறையாக வைத்துக்கொள்வார்கள், பல மாணவர்களுக்கு வாடகைக்குக் கிடைப்பதே அந்த அறைதான் (உள்ளே போனால் செல்போன் சிக்னல் படுத்துவிடும், அது வேறு விஷயம்). பழைய கட்டடமாக இருந்தால் மமாத் இருக்காது, தெருவில் உள்ள பொது பதுங்கிடத்துக்கு ஓட வேண்டும். காசாவிலிருந்து ராக்கெட் வந்தால் எல்லையோர ஊர்களுக்குக் கிடைப்பது 15 விநாடி, டெல் அவிவுக்கு 90 விநாடி. எனவே எத்தனை மாடி இறங்க வேண்டும் என்பது சின்னக் கேள்வி இல்லை.

இரண்டாவது, நடுவில் நிலைமை கெட்டால் என்ன செய்வார்கள்? வேலையை ஊரிலிருந்து தொடர விடுவார்களா, டிக்கெட் மாற்றும் செலவு யாருடையது? மூன்றாவது இன்ஷூரன்ஸ். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் போரால் வரும் நஷ்டத்தை ஏற்பதில்லை, பாலிசியின் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்து, கிளம்பும் வாரத்தில் நம் வெளியுறவு அமைச்சகம் போக வேண்டாம் என்று சொல்லாமலும் இருந்தால், நான் உங்கள் பக்கம். போய் இறங்கியதும் டெல் அவிவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள், அங்கத்திய உள்நாட்டுப் பாதுகாப்புப் படையின் எச்சரிக்கை ஆப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அப்பா ஜெயித்தார் என்று விட்டுவிடுங்கள்.

கேள்வி: டெல் அவிவ் ஸ்டார்ட்அப்பில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். டூரிஸ்ட் விசாவிலேயே போய்விடலாமாம். நம்பலாமா? (பொறியியல் மாணவர், மதுரை)

வேண்டாம். உங்களுக்குச் சம்பளம் தர வேண்டிய இடத்துக்கு நீங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்? டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டப்படி தவறு, மாட்டினால் திருப்பி அனுப்பப்படப்போவது நீங்கள், ஏஜென்ட் இல்லை. உண்மையான இடமாக இருந்தால் நிறுவனத்தின் பெயரில் அழைப்புக் கடிதம் வரும், எந்த வகை விசா எடுக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

கேள்வி: பேராசிரியர்களுக்கு மெயில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. யாரும் பதிலே போடுவதில்லை. எப்படி எழுதினால் எடுபடும்? (எம்.எஸ்ஸி. வேதியியல் மாணவர், திருச்சி)

நீங்கள் இணைத்திருந்த மெயிலைப் படித்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, அவர் புகழை ஒரு பத்தி பாடி, உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரைக்கும் போயிருக்கிறீர்கள். அங்கே மாணவர்கள் பேராசிரியரை முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேரே "இந்த கிராஃப் தப்பு" என்பார்கள், அவரும் கோபப்படாமல் பேனாவை எடுப்பார். அப்படிப் பழகியவருக்கு இந்த வணக்கமெல்லாம் ஸ்க்ரோல் பண்ண வேண்டிய இடம், அவ்வளவுதான். ஏழெட்டு வரி போதும். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, உங்கள் கைக்குத் தெரிந்த வேலை (எந்தக் கருவி, எந்த மென்பொருள்), வரக்கூடிய தேதிகள், உதவித்தொகை எங்கிருந்து என்ற விவரம். பதில் ஒரே வரியில், வாழ்த்துகூட இல்லாமல் வரும். "சிவி அனுப்பு" என்று மட்டும் இருந்தால் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அது நல்ல சேதி.

தனி மெயிலை மட்டும் நம்பியிருக்காமல், முறையான கோடைத் திட்டங்களையும் பாருங்கள். வைஸ்மனில் இளநிலை மாணவர்களுக்கென்றே (நீங்கள் எம்.எஸ்ஸி., ஜூனியர்களுக்குச் சொல்லுங்கள்) குப்சினெட்-கெட்ஸ் என்ற கோடைப் பள்ளி இருக்கிறது. ஹைஃபாவில் டெக்னியான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பீர்ஷேவாவில் பென் குரியன் பல்கலைக்கழகம், வறண்ட நில விவசாயம், நீர் போன்ற துறைகள் என்றால் அதன் ஸ்டே போக்கர் வளாகம். பாலைவனத்தின் நடுவில் இருக்கிறது, ராத்திரியில் பொழுதுபோக்கு என்றால் நட்சத்திரம்தான். வேதியியல்காரர் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ரைபோசோமின் (செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் நுண்பொறி) அமைப்பைக் கண்டதற்காக 2009 நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில், நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ஒருவர், வைஸ்மனின் அடா யோனாத் இன்னொருவர். இன்டர்வியூவில் இதைச் சொல்லி அசத்தப் பார்க்காதீர்கள், அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: நான் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இரண்டு மாதம் பிரெட்டைத் தின்றே காலம் தள்ள வேண்டுமா? ஸ்டைபெண்ட் போதுமா? (மாணவி, கும்பகோணம்)

சைவக்காரர்களுக்கு இவ்வளவு தோதான நாடு அந்தப் பக்கத்தில் குறைவு. யூத உணவு விதிப்படி இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்பதால், 'பால் உணவகம்' என்று போட்டிருக்கும் கோஷர் (அந்த விதிப்படி நடக்கும்) கடைகளில் இறைச்சி என்ற பேச்சே இருக்காது. ஆனால் மீன் இருக்கும், அவர்கள் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது, அதனால் சாலடில் டுனா கிடக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தெருக்கடையில் ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை), ஹம்முஸ் (கொண்டைக்கடலை மசியல்) எங்கும் உண்டு. சபிஹ் என்று ஒன்று, அதைச் செய்வதைப் பார்ப்பதே அழகு. பீட்டா ரொட்டியைப் பை மாதிரி பிளந்து, உள்ளே ஹம்முஸைத் தடவி, பொரித்த கத்தரிக்காயை அடுக்கி, தக்காளி-வெள்ளரி சாலட்டைத் திணித்து, எள் சாஸ் ஊற்றி, கடைசியாக மஞ்சளாக ஒரு மாங்காய்க் குழம்பை விடுவார். ஆம்பா என்ற அந்தக் குழம்பு ஈராக்கிலிருந்து வந்த யூதர்கள் கொண்டுவந்தது, வெந்தய வாசனை மூக்கில் ஏறும்போது ஊர் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரியே இருக்கும். அவித்த முட்டையும் வைப்பார்கள், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனால் தினம் வெளியே சாப்பிட்டால் ஸ்டைபெண்ட் கரைந்துவிடும். ஒரு ஷெக்கல் இருபது ரூபாய்க்கு மேல், ஒரு காபிக்கே பத்து ஷெக்கலைத் தாண்டுகிறது. ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் பட்டினிதான் கிடக்க வேண்டும், அந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விடுங்கள். சமைத்துக்கொள்ளுங்கள். ரெஹோவோத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ரம்லாவில் இந்தியாவிலிருந்து குடியேறிய யூதர்கள் நிறையப் பேர், பருப்பு, மசாலா எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு குட்டி குக்கரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். தங்குமிடம் தராத இடமாக இருந்தால் மட்டும் நன்றாக யோசியுங்கள், டெல் அவிவில் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கு 3,000 ஷெக்கல் கேட்பது சாதாரணம்.

இன்னொன்று, வேலை வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். யூதர்களின் ஓய்வுநாளுக்காக வெள்ளி மதியத்தோடு பஸ், ரயில் பெரும்பாலும் நின்றுபோகும், கடைகள் மூடும், சனி இருட்டிய பிறகுதான் மறுபடி உயிர் வரும். ஹைஃபாவில் சில பஸ்கள் ஓடும், டெல் அவிவ் வட்டாரத்தில் 2019-லிருந்து வார இறுதிக்கு இலவச பஸ் விடுகிறார்கள், மற்ற ஊர்களில் வெள்ளி காலையிலேயே காய்கறி வாங்கி வைக்காதவர்கள் சனிக்கிழமை நூடுல்ஸ்தான்.

கேள்வி: அப்பா துபாயில் வேலை பார்க்கிறார். பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் முத்திரை விழுந்தால் பின்னால் பிரச்சினை வருமா? (மாணவர், ராமநாதபுரம்)

துபாய்க்குப் பிரச்சினை இல்லை, அமீரகமும் இஸ்ரேலும் 2020-ல் உறவு ஏற்படுத்திக்கொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்தே டெல் அவிவுக்கு விமானம் விட்டுவிட்டார்கள். இஸ்ரேல் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, ஒரு சின்ன நீலச் சீட்டுதான் தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள். ஆனால் விசா பாஸ்போர்ட் பக்கத்தில் ஒட்டப்பட்டால் அது தெரியத்தான் செய்யும், லெபனான், ஈரான் போன்ற நாடுகள் அதைப் பார்த்தால் உள்ளே விடாது.

கேள்வி: காசாவில் அவ்வளவு பேர் செத்திருக்கும்போது அந்த நாட்டுக்கு இன்டர்ன்ஷிப் போகலாமா என்று எழுதுகிறீர்களே, மனசு உறுத்தவில்லையா? (வாசகர், சென்னை)

உறுத்தாமல் இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், சுமார் 250 பேரைப் பிணையாகப் பிடித்துப் போனார்கள். அதற்குப் பிறகு காசாவில் இறந்தவர்கள் பல்லாயிரம், அதில் குழந்தைகள் எத்தனை என்று படிக்கும்போது கை நடுங்குகிறது. ஐரோப்பாவில் சில பல்கலைக்கழகங்கள் இஸ்ரேல் நிறுவனங்களோடு உறவை முறித்துக்கொண்டன. போகமாட்டேன் என்று ஒரு மாணவர் முடிவு செய்தால் அதில் நியாயம் இருக்கிறது, அதை வாய்ப்பை வீணாக்குவது என்று நான் சொல்லமாட்டேன்.

போகிறவர்களிடம் கேட்பது, கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வராதீர்கள் என்பதுதான். அந்நாட்டுக் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபியர், உங்கள் லேபிலேயே ஒருவர் இருக்கலாம், அவருக்கு அடுத்த மேசையில் ரிசர்வ் ராணுவப் பணிக்குப் போய்த் திரும்பிய மாணவர் இருப்பார். இருவரும் ஒரே சென்ட்ரிஃபியூஜுக்கு வரிசையில் நிற்பார்கள், எதைப் பேசுவது எதைப் பேசாமல் விடுவது என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருக்கும். முதல் வாரமே நீங்கள் புகுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம், காதைத் திறந்து வையுங்கள். சொந்த அரசை எதிர்த்து வாராவாரம் தெருவுக்கு வந்த இஸ்ரேலியர்களும் உண்டு. நிலைமை அனுமதித்தால் ஜெருசலேமிலிருந்து பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் உள்ள பெத்லகேமுக்கும் போய்வாருங்கள், சுமார் பத்து கிலோமீட்டர்தான், நடுவில் இஸ்ரேல் எழுப்பிய கான்கிரீட் சுவரையும் சோதனைச் சாவடியையும் பார்ப்பீர்கள். பாஸ்போர்ட்டும் நீலச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: திரும்பும்போது விமான நிலையத்தில் துருவித் துருவிக் கேட்பார்களாமே? (மாணவர், திருநெல்வேலி)

கேட்பார்கள். பெட்டியை யார் அடுக்கியது, யாராவது பொருள் கொடுத்தார்களா, எங்கே தங்கினாய், யாரோடு பேசினாய் என்று ஒரே கேள்வியை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேட்கலாம். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், ஜோக் அடிக்காதீர்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். நிறுவனத்தின் கடிதத்தைப் பிரின்ட் எடுத்துக் கையிலேயே வைத்திருங்கள். லேபில் நண்பர் "ஊரில் ஒருத்தருக்குக் கொடுத்துடு" என்று நீட்டும் பார்சலை மட்டும் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.