விளக்கு மின்னினால் ஒரு லேன் விடுங்கள்: ஒன்ராறியோ சாரதிகளுக்குப் பதில்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பல வருடங்களாகச் சாரதிப் பயிற்சி கொடுக்கிறேன். வீதியோரம் நிற்கும் பொலிஸ் கார், அம்புலன்ஸ், டோ ட்ரக் (பழுதான வண்டியை இழுத்துச் செல்லும் வண்டி) ஆகியவற்றைக் கடப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, 401 ஹைவேயில் ஷோல்டரில் (வீதியின் ஓரப் பகுதியில்) பொலிஸ் கார் லைட் மின்ன நின்றது. வேகத்தைக் குறைத்துத்தான் போனேன். ஆனாலும் ரிக்கற் தந்துவிட்டார்கள். ஏன்?

பக்கத்து லேன் வெறுமையாக இருந்ததா? அப்படியென்றால் ரிக்கற் சரிதான் தம்பி. வேகம் குறைப்பது பாதி வேலை. உங்கள் திசையில் இரண்டு லேனோ அதற்கு மேலோ இருந்தால், ஆபத்தில்லாமல் முடிகிறபோது ஒரு லேன் தள்ளிப் போகவும் வேண்டும். 2003 முதல் இங்கே இதுதான் சட்டம். முதல் தடவைக்கு அபராதம் 400 முதல் 2,000 டொலர் வரை, கூடவே லைசென்ஸில் 3 டிமெரிட் பொயின்ற் (தவறுக்கான புள்ளி). 5 வருடத்துக்குள் திரும்பவும் பிடிபட்டால் 1,000 முதல் 4,000 வரை. சிறைக்கும் இடமுண்டு.

பக்கத்து லேனில் ட்ரக் வரிசையாக வந்தால்?

மாறாதீர்கள். வேகத்தைக் குறைத்து, கவனமாகக் கடந்தால் போதும்.

எத்தனைக்குக் குறைக்க வேண்டும்?

ஒன்ராறியோ சட்டத்தில் எண் இல்லை. சஸ்கச்சுவான் மாகாணத்தில் மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வேக எல்லை 80உம் அதற்கு மேலும் உள்ள வீதிகளில் 70, மற்றவற்றில் 40. இங்கே நிலைமை பார்த்து நீங்களே முடிவெடுக்க வேண்டும். திடீரென்று பிரேக் அடிக்காதீர்கள், பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏறிவிடுவார். தூரத்தில் விளக்கு மின்னுவது தெரிந்ததுமே அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுங்கள். கண்ணாடி பாருங்கள், சிக்னல் போடுங்கள், தோளுக்கு மேலால் ஒருக்கால் பாருங்கள், அப்புறம் மாறுங்கள்.

டோ ட்ரக்குக்கும் இது உண்டா? அவர்கள் பொலிஸ் இல்லையே.

உண்டு. 2015 செப்டெம்பர் 1 முதல், மஞ்சள் விளக்கு மின்ன நிற்கும் டோ ட்ரக்குக்கும் இதே சட்டம், இதே அபராதம். ஒரு மாரிகால இரவில் என் கார் ஹைவேயில் நின்றுபோனது. உதவிக்கு வந்த பையன் கொக்கி மாட்டக் குனிந்திருந்தான். பக்கத்து லேனில் ஒரு ட்ரக் குறையாத வேகத்தில் போனது. அந்தக் காற்றே அவனைத் தள்ளியது, கதவைப் பிடித்துத்தான் நின்றான். அவனுக்கும் அந்த ட்ரக்குக்கும் இடையில் ஒரு பாய் அகலம்கூட இருக்கவில்லை. என் மாணவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்கிறேன்.

எதிர்த் திசையில் நின்றால்?

இந்தச் சட்டம் நீங்கள் போகும் பக்கத்தில் நிற்கும் வண்டிக்குத்தான். ஆனால் விபத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு போக வேண்டாம்.

பின்னால் சைரனோடு அம்புலன்ஸ் வந்தால் ஷோல்டருக்குள் ஏறலாமா?

ஹைவேயில் ஏற வேண்டாம். லேன்கள் அடைபட்டால் அம்புலன்ஸுக்கு ஷோல்டர்தான் வழி. மற்ற வீதிகளில் வலது ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். அது போன பிறகு 150 மீற்றருக்குள் பின்தொடராதீர்கள்.

வீதி வேலைக்காரர் பலகை காட்டினால்?

நில் என்றால் நில்லுங்கள், மெதுவாக என்றால் மெதுவாகப் போங்கள். அதைக் கேட்காமல் போவதும் குற்றம்தான். வேலையாட்கள் நிற்கும் கட்டுமான வலயத்தில் வேக அபராதம் இரட்டிப்பாகும்.

ஹசார்ட் லைட்டோடு நிற்கும் சாதாரண காருக்கு?

அபராதச் சட்டம் இல்லை. ஆனால் உள்ளே ஒரு குடும்பம் இருக்கலாம். அதற்கும் தள்ளிப் போங்கள் பிள்ளை.