செட் வேண்டாம், தேடல் முடிவிலேயே திருத்துங்கள்

ராயபுரம் கடைகளுக்கு வழிக்குறிப்பு எழுதும் நண்பருக்கு: பல ஃபைல்களில் "கடைசி நிலையம் வண்ணாரப்பேட்டை" என்று இருக்கிறது, சொல்லை மொத்தமாக மாற்றும் செட் (sed) கட்டளையை ஓட்டினால் "வண்ணாரப்பேட்டையில் இறங்கவும்" என்பதும் சேர்ந்து மாறுகிறது என்கிறீர்கள். மாறத்தான் செய்யும், அதற்கு ஊரா தெரியும்? 2021 பிப்ரவரியில் சென்னை மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டது, அதனால் "கடைசி நிலையம்" என்பது மட்டும்தான் தப்பு. வண்ணாரப்பேட்டை நிலையம் அங்கேயேதான் இருக்கிறது. வரி வரியாக நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப, முதலில் கிட்டில் (git) ஒரு கமிட் போட்டு இப்போதைய நிலையைப் பதிந்துவிடுங்கள். ஈமேக்ஸ் எடிட்டரில் டபிள்யூகிரெப் (wgrep) என்ற துணைப்பொதியை நிறுவி, உள்ளேயே கிரெப் (grep) என்ற தேடல் கட்டளையை ஓட்டுங்கள். முடிவுப் பக்கத்தில் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-பி (P) அழுத்தினால் அந்தப் பட்டியலையே திருத்தலாம். வேண்டிய வரிகளை மட்டும் மாற்றிவிட்டு கன்ட்ரோல்-சி இரண்டு முறை. திருத்தம் அந்தந்த ஃபைலுக்குப் போய்விடும், ஆனால் சேவ் ஆகாது. கன்ட்ரோல்-எக்ஸ், அப்புறம் எஸ்.

விம் எடிட்டர் பழக்கம் என்றால், குவிக்ஃபிக்ஸ் என்னும் தேடல் முடிவுப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டளையை ஓட்டும் சிடூ (:cdo) போதும், ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றும்படி கொடுங்கள்.

"மெட்ரோ" என்று தேடாதீர்கள். "ரோ"வின் ஓகாரக் குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். பார்க்க ஒன்றுதான், கிரெப்புக்கு வேறு வேறு. "வண்ணாரப்பேட்டை"யில் அந்தத் தொல்லை இல்லை.